நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்

கடைசியில் ஒரு சிரிப்பு உண்டு. நிச்சயமாக உண்டு. ஆனால் அதுவரை யாரும் மூச்சு விடக்கூடாது, இதுதான் பெனிட்டாவின் விளையாட்டுகளுக்கெல்லாம் சட்டம். ஏமாந்தவர் கடைசியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க வேண்டும்; சிரிக்காவிட்டால் அதற்குப் பெயர் விளையாட்டு இல்லை, வெறும் பொய். தலைமையாசிரியையின் மூக்கடைத்த குரலில், பள்ளி ஒலிபெருக்கியில், 'மாணவியர் கவனிக்கவும், இன்று மதியத்துக்கு மேல் வகுப்புகள் நடைபெறாது' என்று அவள் அறிவித்து, பாதிப் பள்ளிக்கூடம் பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிய அன்று, தண்டனையெல்லாம் கொடுத்து முடித்தபிறகு தலைமையாசிரியையே கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாரா இல்லையா. இன்றைக்கும் அந்தச் சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான், முதலில் அப்பாவின் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருள் ஏறி முடியட்டும். பாளையங்கோட்டையில் அவர்கள் வீட்டுக்கும் பக்கத்து மாவு மில்லுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துப் போகிற சந்து. மில்லின் வெளிப்படிக்கட்டில் பாதி ஏறி உட்கார்ந்தால் எதிரே ஜன்னல் கம்பிகளுக்குள் அப்பாவின் முதுகு தெரியும், வழுக்கை தெரியும், வழுக்கைக்கு மேலே சூரியன் உதித்த மாதிரி கம்ப்யூட்டர் திரை தெரியும். பெனிட்டா டியூஷனுக்குப் போயிருக்கிறாள் என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். புனேயில் ஆராய்ச்சி செய்கிற மூத்த மகள் ஹெப்சிபா அங்கிருந்து போனில் சொல்லச் சொல்ல, தான் ஒவ்வொரு பொத்தானாக அமுக்குவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். போனில் ஹெப்சிபா பேசுகிறாள், ஆனால் வாய் பெனிட்டாவுடையது. "ம்... அப்பா, இப்ப ஒரு கட்டம் வந்திருக்குமே, அதுல நெக்ஸ்ட்னு இருக்கா?" பதில் சொல்வதற்கு முன்னால் எச்சிலை விழுங்குகிற அந்தச் சின்ன 'ம்', அதுதான் ஹெப்சியைத் திறக்கிற சாவி, அதைப் போட்டுவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். "வந்திட்டு மக்ளே, வந்திட்டு. நெக்ஸ்ட்டு, கேன்சலு, ரெண்டும் நிக்கி." "நெக்ஸ்ட் அமுக்குங்கப்பா." கீழே மில்லில் மிளகாய் அரைக்கிறார்கள், அந்த இரைச்சலில் அவள் குரல் சந்தைத் தாண்டாது, ஆனால் மூக்குக்குள் சிவப்பாக ஒன்று ஊர்ந்து ஏறுகிறது, தும்மல் வந்தால் தீர்ந்தது கதை, ஏனென்றால் எந்தக் குரலிலும் பேசலாம், எந்தக் குரலிலும் இருமலாம், தும்மல் மட்டும் அவரவருக்குச் சொந்தமானது.

இரு இரு, சிரிப்புக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மூக்கின் நுனியைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் திரையைப் பார்த்தாள், ஒரு பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் மைக்கின் முன் உட்கார்ந்து 'நாகர்கோவில் செல்லும் பேருந்து தடம் மாறி நிற்கிறது, பயணிகள் கவனிக்கவும்' என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர், ஞானசிகாமணி என்ற பெயரைவிட அவர் குரல்தான் ஊருக்குத் தெரியும், தன் பிள்ளை எங்கே படுத்திருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஹெப்சி ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். விடுதி அறையில் செய்யக்கூடாததைச் செய்துகொண்டாள், அறைத்தோழி தமயந்தி சரியான நேரத்தில் கதவைத் தட்டினாள், உயிரை இழுத்துப் பிடித்துவிட்டார்கள். தமயந்திதான் பெனிட்டாவை அழைத்தாள், அப்பாவை அழைக்கவில்லை, ஏனென்றால் ஹெப்சி அப்படிச் சொல்லியிருந்தாள். போனை வாங்கி அவளே பேசினாள். "அப்பாட்ட சொல்லாத பெனி. சொன்னா நான் மறுபடியும்..." என்று பாதியில் விட்டாள். என்ன மாதிரிக் குரல் அது. மொட்டைமாடியில் தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நின்று பெனிட்டா அந்தக் குரலைச் சொல்லிப் பார்த்தாள், பழக்கதோஷம், எந்தக் குரலைக் கேட்டாலும் அவள் நாக்கு ஒருமுறை அதை ருசி பார்த்துவிடும், காய்கறி ஆட்டோ, சபைப் போதகர், அழுகிற குழந்தை, எதையும். அது வரவில்லை. பிடிப்பதற்கு அதில் மேடு பள்ளம் எதுவும் இல்லை, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், அது பொத்தான் வைத்த பழைய போன், ஞாயிறுதோறும் ஹெப்சி அழைக்கும் நேரம், சோறு ஆறியது, அவர் எழுந்திருக்கவில்லை. பெனிட்டா சந்துக்கு ஓடி, தன் போனில் இரண்டாவதாக ஒரு புது சிம்மைப் போட்டு அழைத்தாள். "ம்... அப்பா, என் போன் விழுந்து உடைஞ்சிட்டு. இது புது நம்பர், என்ன?" அப்பாவின் முதுகு நிமிர்ந்ததை ஜன்னல் வழியே பார்த்தாள். ஒரேயொரு நாளைக்குத்தான் என்று நினைத்தாள். மறுநாள் அப்பா "அவ புது நம்பர என் போன்ல ஏத்திக் குடுட்டி" என்று போனை நீட்டினார், அவளே 'ஹெப்சி புதுசு' என்று ஏற்றிக் கொடுத்தாள்.

"மக்ளே, என்னமோ நீலக்கலர்ல ஒண்ணு வந்து மறிச்சுக்கிட்டு நிக்கி. போலீஸ் செக்போஸ்ட் மாதிரி." பெனிட்டா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், இதைப் பற்றி நேற்றே படித்து வைத்திருந்தாள், யார் செய்த மென்பொருள் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லையாம், தெரியாதவரை வீட்டுக்குள் விடுவதா என்று கேட்கிறது. "அது ஒண்ணுமில்லப்பா, இத செஞ்சது யாருன்னு அதுக்குத் தெரியல, அதான் கேக்கு. மோர் இன்ஃபோன்னு இருக்கும், அத அமுக்கிட்டு, ரன் எனிவே." "தெரியாத ஆள நம்பலாமாட்டி?" "நான் சொல்லுதேன்லாப்பா." "நீ சொன்னா சரிதான்" என்று அப்பா அமுக்கினார், யோசிக்கவே இல்லை, அமுக்கினார். அவர் போனைக் காதோடு அழுத்தித் தோளால் தாங்கியிருந்தார். "நீ இப்பத்தாம்ட்டி பழைய ஹெப்சி மாதிரி பேசுத" என்றார் திடீரென்று. "போன வருசமெல்லாம் போனப் போட்டா, நல்லாருக்கேன், சாப்ட்டேன், வேல இருக்குன்னு, ரெக்கார்டு போட்டாப்ல இருக்கும். ஒனக்கு அப்பாவப் புடிக்காமப் போச்சோன்னு நெனச்சேன். இந்தக் கொஞ்ச நாளாத்தான் எம்புள்ள எங்கிட்டப் பேசுது." படிக்கட்டின் சிமெண்ட் சூடாக இருந்தது, பாவாடை வழியே சுட்டது, ஒரு கட்டெறும்பு அவள் கால் பெருவிரலைச் சுற்றி வந்து நின்று யோசித்தது. நல்லாருக்கேன், சாப்ட்டேன், வேல இருக்கு. ஆமாம், பெனிட்டாவும் அதைக் கேட்டிருக்கிறாள், ஞாயிறுதோறும் கேட்டாள், காதில் வாங்கிக்கொண்டு வேறு வேலை பார்த்தாள். ஊரில் ஒரு குரல் விடாமல் பிடிக்கிறவள் அதை மட்டும் பிடிக்கவில்லை, அது ஹெப்சியின் குரல் இல்லை என்பதை. ஹெப்சியே ஹெப்சியை மிமிக்ரி செய்துகொண்டிருந்தாள். சுமாராகத்தான் செய்தாள், சிரிக்க வேண்டிய இடத்தில் ஒரு இழை பிந்திச் சிரித்தாள், மேடையில் யாராவது அப்படிச் செய்தால் பெனிட்டா கீழே உட்கார்ந்து உதட்டைப் பிதுக்கியிருப்பாள். தங்கை செய்த ஹெப்சி அசலைவிட நன்றாக இருந்தாள். அப்பாவுக்குத் தங்கையின் ஹெப்சியைத்தான் பிடித்திருந்தது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை, இன்னும் இல்லை, வரும், பொறு. "கேக்குதா மக்ளே? லைன்ல இருக்கியா?" "ம்... இருக்கேம்ப்பா."

பச்சைக் கோடு பாதியில் நின்றுவிட்டது. நின்றதா, நகர்கிறதா என்று தெரியாதபடி நின்றது. "சில சமயம் அப்படித்தாம்ப்பா நிக்கும், தொடாதீங்க." "தொடல தொடல" என்று அப்பா இரண்டு கைகளையும் மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார், பரீட்சை எழுதி முடித்த பையன் மாதிரி. அந்தக் கைகளைப் பார்த்ததும் ஏனோ அம்மா ஞாபகம் வந்தது. அம்மா செத்த வருடம் பெனிட்டா மூன்றாம் வகுப்பு, அப்போதுதான் குரல்கள் அவளுக்குப் பிடிபடத் தொடங்கியிருந்தன, ஒரு சாயங்காலம் சமையலறையில் நின்றுகொண்டு சும்மா, ஒரு காரணமும் இல்லாமல், "ஏட்டி ஹெப்சி, பால் பொங்குது பாரு" என்றாள். அம்மாவின் அதே அவசரம், 'பொங்குது'வில் வரும் அதே சின்ன உடைசல். குளித்துக்கொண்டிருந்த ஹெப்சி சோப்பு நுரையோடு பாவாடையை மார்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தாள். வந்து நின்று அடுப்பைப் பார்த்தாள், அடுப்பு எரியவில்லை. பெனிட்டா சிரிக்கத் தயாராக நின்றாள். அடி விழும் என்றுகூட நினைத்தாள், அடித்துவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தாள். ஹெப்சி தரையில் உட்கார்ந்தாள், நுரை அவள் முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னாள். "இன்னொரு தடவ." மேடையில் ஒன்ஸ்மோர் கேட்கிற மாதிரி என்று அந்தச் சின்னப் பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. அப்புறம் தினமும் சாயங்காலம் அப்பா பஸ் ஸ்டாண்டிலிருந்து வருவதற்குள் ஹெப்சி அவளைச் சமையலறைக்கு அழைத்துக் கதவைச் சாத்துவாள், தலை சீவிக்கொண்டே முதுகைக் காட்டி உட்கார்ந்து, "சாப்ட்டியான்னு கேளு" என்பாள், "படிச்சது போதும் படுன்னு சொல்லு" என்பாள். பிறகு ஒருநாள் அவளே நிறுத்திவிட்டாள், ஏன் என்று சொல்லவில்லை, வேதியியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள், போனவள் அப்படியே கல்லூரி, பல்கலைக்கழகம், புனே என்று போய்க்கொண்டே இருந்தாள். கேட்கக் கேட்கப் பசி கூடுகிறது என்று கண்டுகொண்டாளோ என்னமோ. அப்பாவுக்கு இப்போது அந்தப் பசிதான், தினமும் சாயங்காலம் அழைக்கிறார், முன்பெல்லாம் ஞாயிறு மட்டும்தான். கொடுக்கக் கொடுக்கக் கேட்கிறார், இவளும் கொடுக்கிறாள், வயிறு நிறைந்த மாதிரி அவர் தூங்கப் போகிறார், இவள் விழித்திருக்கிறாள்.

கன்னத்தில் போன் அதிர்ந்தது. பேச்சை விடாமலே திரையை ஒருமுறை பார்த்தாள், தமயந்தியிடமிருந்து செய்தி. பார்க்காமல் விட்டுவிடலாம். பார்க்காவிட்டால் அது இன்னும் நடக்காத மாதிரி. முந்தாநாள் தமயந்தி குரலைப் பதிந்து அனுப்பியிருந்தாள், தர்மபுரிப் பேச்சு, வேகமாக, அழுதுகொண்டே: "பெனிட்டா, வீட்ல இருந்து யாராச்சும் வந்தே ஆவணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவ சாப்புடல. செவுத்தப் பாத்துப் படுத்திருக்கா. என்னால ஒருத்தியா முடியல. அப்பாகிட்ட போனக் குடு, நானே பேசறேன்." அப்பா அப்போது வேலையில் இருந்தார். கொடுத்திருக்கலாம், பஸ் ஸ்டாண்ட் ஒன்றும் கடல் தாண்டி இல்லை, ஆட்டோவில் போய் அந்த மைக் கூண்டின் கதவைத் தட்டி, அப்பா, என்று தொடங்கியிருக்கலாம். தொடங்கிப் பார்த்தாள், கண்ணாடி முன் நின்று தன் சொந்தக் குரலில் 'அப்பா, அக்காவுக்கு' என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் குரல் போகவில்லை. மற்றவர் குரலில் மலையேறலாம், தன் குரலில் வாசற்படி தாண்ட முடியவில்லை. நேற்று தமயந்தி மறுபடி அழைத்தபோது பெனிட்டா தாடையை உள்ளிழுத்து, நெஞ்சில் காற்றை நிறுத்தி, வாழ்நாளில் முதன்முதல் பிடித்த குரலை எடுத்தாள். "நான் ஹெப்சியோட அப்பா ஞானசிகாமணி பேசுதேம்மா. பதறாத. ராத்திரி வண்டிக்குக் கிளம்புதேன். அப்பா வாராருன்னு அவட்ட மட்டும் சொல்லும்மா." அவ்வளவு சுத்தமாக வந்தது. கடைசிச் சொல்லில் அப்பா மைக்கில் இறங்குவாரே, அந்த இறக்கம் உட்பட வந்தது. வைத்ததும் கைதட்டல் கேட்கும்போல இருந்தது. அன்றைக்கு ராத்திரியே சொல்லிவிடுவது என்று இருந்தாள், அப்பா உண்மையிலேயே வண்டியேறிவிட்டால் பொய் நிஜமாகிவிடும், கணக்கு நேராகிவிடும். ஆனால் அப்பா வேலையிலிருந்து வரும்போதே முகமெல்லாம் பல்லாக வந்தார், நாளைக்குச் சனிக்கிழமை லீவு போட்டிருக்கேன், ஹெப்சி போன கிறிஸ்மஸுக்கு வராம அதுக்குப் பதிலா அனுப்பிச்சாளே அவ ஆராய்ச்சி பண்ணுத புரோட்டீன் படம், அதத் திறக்க ஒரு சாஃப்ட்வேர் வேணுமாம், அவ சொல்லச் சொல்ல நான் போடப்போறேன், பஸ் ஸ்டாண்டுல எல்லாருட்டயும் சொல்லிட்டேன் என்றார். நான் போட்டுத் தாரேம்ப்பா என்றாள் பெனிட்டா. "ஒனக்கு என்னட்டி தெரியும்? அவ சொல்லணும், நான் செய்யணும்." சரி, இது முடியட்டும், இது முடிந்ததும் சொல்லிவிடலாம், ஒரே ஒரு நாள். கன்னத்தில் போன் மறுபடி அதிர்ந்தது. பெருவிரலால் தள்ளித் திறந்தாள். 'ஹெப்சி எழுந்து உக்காந்துட்டா. காலைல ரெண்டு இட்லி சாப்ட்டா. தலை சீவி விடச் சொன்னா. அப்பா இப்ப எந்த ஸ்டேஷன் தாண்டியிருப்பாருன்னு கேட்டுட்டே இருக்கா. எந்த ஸ்டேஷன்?'

எந்த ஸ்டேஷன். ஜன்னலுக்குள் அப்பா நகம் கடித்துக்கொண்டிருந்தார். எதிரே, ஒரு சந்து அகலத்தில், பனியனோடு, எந்த ஸ்டேஷனும் தாண்டாமல். "மக்ளே, ஓடிட்டு! கோடு முழுசா ஓடிட்டு! ஃபினிஷ்னு வந்திருக்கு, அமுக்கட்டா?" அமுக்காதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். இந்த ஃபினிஷை அமுக்கிவிட்டால் சொல்லாமலிருக்கக் காரணம் எதுவும் பாக்கி இல்லை. "ம்... அமுக்குங்கப்பா." ஜன்னலுக்குள் திரை கறுத்தது, கறுப்பு அப்படியே நின்றது, பழைய கம்ப்யூட்டர், படம் வரையத் தெம்பு பத்தாது என்று எங்கோ படித்திருந்தாள், கறுப்பாகவே நின்றுவிட்டால் நல்லது, நாளைக்குப் பார்ப்போம் என்று இன்னொரு நாள் கிடைக்கும், ஆனால் இன்னொரு நாள் கிடைத்தால் புனேயில் ஒருத்தி தலை சீவிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், வண்டி வந்து சேரும் நேரம் வரும், வண்டி வரும், வண்டியிலிருந்து எல்லோரும் இறங்குவார்கள். அதற்குப் பிறகு அவள் எந்தச் சுவரைப் பார்ப்பாள். இறங்கிப் போ பெனி, சந்தைத் தாண்டு, கதவைத் தட்டு, தன்பாட்டுக்குக் கால் நடக்கும், கால் நடக்கவில்லை. "ஃபைல்னு மேல இருக்கும்ப்பா, ஓப்பன், அதுல ஹெப்சினு இருக்கறத ரெண்டு தடவ தட்டுங்க." தட்டினார். கறுப்புக்குள்ளிருந்து அது எழுந்தது. ரிப்பன் ரிப்பனாக, பச்சையும் ஊதாவும் மஞ்சளுமாக, ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து சுருண்டு, நடுவில் ஒரு குகை மாதிரி வெற்றிடம் விட்டு, தரையில்லாத இடத்தில் தொங்கியது. அப்பா நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். "அடி ஆத்தாடி" என்றார். அவர் தேவாலயத்துக்கு வெளியே சொல்லாத சொல்லொன்றையும் சொன்னார், "ஸ்தோத்திரம்" என்றார். "மௌஸ அமுக்கிப் பிடிச்சு இழுங்கப்பா, திரும்பும்." இழுத்தார், அது திரும்பியது, குகை மறைந்து முதுகு வந்தது, முதுகு போய் மறுபடி குகை வந்தது. "மாஞ்சோலை ரோடு மாதிரில்லா இருக்கு! வளைவு, வளைவு, கொண்டை ஊசி, அந்தா ஒரு வளைவு. இதுல வண்டி ஓட்டினா டிரைவருக்கு தலை சுத்தும்." அவர் சிரித்தார், பெனிட்டாவும் சிரித்தாள், ஹெப்சியின் சிரிப்பு, பழைய ஹெப்சி, ஒரு இழைகூடப் பிந்தாத சிரிப்பு. "இந்த ரோட்ல நீ எங்ஙன நிக்கட்டி?" "என்னப்பா?" "இல்ல, இத்தாம் பெரிசுல நீ வேல பாக்கது எந்த எடம்? காட்டு. அந்த எடத்த நல்லாப் பாத்து வச்சுக்கிடுதேன். யாராவது கேட்டா சொல்லணும்லா, எம்மவ இங்ஙனதான் நிக்கான்னு."

அவளுக்குத் தெரியாது. குரலைத் தெரியும், அந்த 'ம்'மைத் தெரியும், வருடக்கணக்கில் அக்கா எந்த வளைவில் நின்றுகொண்டிருந்தாள் என்று தெரியாது, கேட்டதே இல்லை. கேட்டிருந்தால் ஹெப்சி சொல்லியிருப்பாள், அந்தக் குகைக்குள் ஒரு மூலையைக் காட்டி, இது மூடவே மாட்டேங்கு பெனி, என்ன செஞ்சும் மூடமாட்டேங்கு என்று சொல்லியிருப்பாள், சொல்ல ஆள் இல்லாமல்தான் சுவரைப் பார்த்துப் படுத்தாளோ. "ம்... அந்த ஊதா இருக்குல்லாப்பா, அது சுருளுற எடம்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அப்பா மூக்கைத் திரையில் முட்டுகிற மாதிரி குனிந்து அந்த ஊதாவைத் தேடினார், விரலை வைத்தார். "இதுவா? இங்ஙனயா?" "அதேதாம்ப்பா." "வலிக்காம உக்காந்து வேல பாக்க எடம் இருக்காட்டி அங்க?" என்று கேட்டுத் தானே சிரித்தார், விரலை எடுக்கவில்லை. அப்போது மின்சாரம் போயிற்று. கீழே மில்லின் பட்டை ஒரு நீண்ட ஊளையாக இறங்கி நின்றது, தெருவில் அதுவரை இருந்ததே தெரியாத எத்தனையோ மோட்டார்களும் விசிறிகளும் நின்றன, காது திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது. ஜன்னலுக்குள் அறை இருண்டது, திரை மட்டும் எரிந்தது, இருட்டில் அந்த ரிப்பன்கள் இன்னும் பளிச்சென்று தொங்கின. மேசைக்கடியிலிருந்து யூபிஎஸ் கத்தியது, கீக், ஓர் இடைவெளி, கீக். "கரண்டு போயிட்டு மக்ளே" என்றார் அப்பா, மௌஸைத் திருப்பிக்கொண்டே, "பேட்டரி கொஞ்ச நேரம் நிக்கும், இன்னும் கொஞ்சம் பாத்துக்கிடுதேன்." கீக். அவர் தலை லேசாகச் சாய்ந்தது. போனைக் காதிலிருந்து கொஞ்சம் விலக்கினார். கீக். மறுபடி காதில் வைத்தார். கீக். பெனிட்டாவின் பெருவிரல் சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது, அமுக்கினால் போதும், லைன் கட்டாயிட்டுப்பா என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம், இறங்கி ஓடிவிடலாம், டியூஷனிலிருந்து வருகிறவளாக முன்வாசல் வழியே வரலாம். விரல் இறங்கவில்லை. கீக் என்றது அங்கே, அதே கீக் அவள் போனுக்குள்ளும் புகுந்து அப்பாவின் காதுக்குப் போனது, ஒரு இழை பிந்தி. "ஹெப்சி" என்றார் அப்பா, மெதுவாக, யாரையோ எழுப்பாமல் கூப்பிடுகிறவர் மாதிரி. "அங்கயும் கரண்டு போயிட்டோ?" "ம்... இல்லப்பா" என்றாள். அவள் தாழ்த்தித்தான் சொன்னாள். இருந்தும் அந்த அமைதியில் குரல் படிக்கட்டிலிருந்து எழுந்து, சந்தைத் தாண்டி, ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைந்து, போனை முந்திக்கொண்டு போய் அவர் வெறுங்காதில் விழுந்தது. மௌஸின் மேலிருந்த கை நின்றது. திரையில் சுற்றிக்கொண்டிருந்தது பாதித் திருப்பத்தில் நின்றது. முதுகு திரும்பவில்லை. அவர் போனைத் தோளிலிருந்து எடுத்து, துண்டிக்காமல், மேசைமேல் குப்புற வைத்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே, மைக்குக்கு உரியதல்லாத, பெனிட்டா ஒருநாளும் கேட்டிராத, பிடித்து வைத்துக்கொள்ள எந்தப் பிடியும் இல்லாத ஒரு குரலில், ஜன்னலுக்குச் சொன்னார்:

"பெனி. அக்கா எங்கட்டி இருக்கா?"